கடலில் ஒரே குவளை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நல்லவர், வல்லவர் என்று நாலு வரி எழுதினால் போதும் என்றார்கள் உறவினர். அப்படி எழுத எனக்கு வராது. தங்கை நான், நடந்ததை எழுதுகிறேன்.

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில், ஒரு குழி நிலமும் இல்லாத கூலி வீட்டில் பிறந்தவர் அண்ணன். பண்ணையில் தாகம் எடுத்தால் எங்கள் தெரு ஆட்கள் குனிந்து இரு கைகளையும் ஏந்த வேண்டும்; மேலிருந்து ஊற்றுவார்கள். குவளையைத் தொடக்கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், சின்ன வெங்காய லாரியில் சுமை இறக்கத் தூத்துக்குடி போனவர், அந்த மூட்டைகளோடு பாய்த்தோணியிலும் ஏறிவிட்டார். அங்கே சமையலுக்கு ஆள் இல்லை. வெங்காயம் உரிக்கத் தெரிந்தால் போதும் என்றார்களாம்.

மாலத்தீவு போகும் வழியில் காற்று விழுந்துவிட்டால் நாள்கணக்கில் கரை தெரியாது. மணல் பரப்பிய மரப்பெட்டியில் அடுப்பு. அலையில் சாயாதபடி சோற்றுப் பானைக்குக் கயிற்றுக் கட்டு. அரிசியைக் கடல்நீரில் கழுவுவார். மீன் மாட்டினால் குழம்பு, இல்லாவிட்டால் வெங்காயமும் மிளகாயும். சமையல் முடிந்தால் தோணிக்குள் ஊறிய நீரை இறைக்கவும், கிழிந்த பாயைத் தைக்கவும் போய்விடுவார். குடிதண்ணீர் மட்டும் பீப்பாயில், தண்டலின் காவலில் இருக்கும். தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். எல்லோருக்கும் அளந்து கொடுக்க ஒரே ஒரு அலுமினியக் குவளை.

முதல் நாள் தண்டல் அதை நீட்டியபோது, அண்ணன் பழக்கத்தில் குனிந்து கைகளை ஏந்தினார். அவரும் யோசிக்காமல் ஊற்ற, பாதித் தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது. தண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏல, நீ குடிக்கியா, கடலுக்கு வார்க்கியா? குவளைய வாங்கி வாய் வச்சுக் குடி."

தண்ணீர் வீணாகிறதே என்ற எரிச்சலில் சொன்னது. ஆனாலும் அதற்குப் பிறகு அண்ணன் யார் முன்னும் கை ஏந்தவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வெங்காயம் பிடுங்கும் சமயத்தில் ஊர் வந்து, எங்களோடு பண்ணை வேலைக்குப் போனார். பண்ணைக்காரர் செம்போடு வந்து நிற்க, அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குவளை கேட்டார். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை இல்லை. பேசி வைத்திருந்த என் கல்யாணமும் நின்றது. அப்பா அழுதே விட்டார்.

"ஒரு வாட்டி கைய நீட்டிக் குடிச்சிட்டு வந்துடுடா. அடுப்பு எரியணும்."

"கையில ஊத்துனா சிந்திப் போவுதுப்பா," என்றார் அண்ணன்.

ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவன் என்று அன்று அண்ணனைத் திட்டிய உறவினர் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும். உங்களுக்கும்தான் எழுதுகிறேன். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனோம். அரை வயிறுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தண்ணீர்ப் பானையின் மேல், தோணியை விட்டு வரும்போது தண்டல் கொடுத்த அந்தக் குவளை இருந்தது. அப்பா முதலில் வாய் வைக்கக் கூசினார். பிறகு தினமும் கேட்டு வாங்கிக் குடித்தார். கல் உடைத்தே எனக்குக் கல்யாணமும் செய்து வைத்தார் அண்ணன். முதலில் நின்று போன மாப்பிள்ளையை விட இவர் எவ்வளவோ மேல்.

கடைசி நாட்களில் அண்ணனுக்குக் கை நடுங்கியது. கரண்டியால் தண்ணீர் ஊட்டப் போனேன். தள்ளிவிட்டுக் குவளையைத் தானே பிடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. "தண்டல் பாத்தா திட்டுவாரு," என்று சிரித்தார்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற கல்குவாரித் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. நினைவு நாள் சாப்பாட்டுக்கு எல்லோரும் வர வேண்டும். தண்ணீர்ப் பானையின் மேல் அண்ணனின் குவளை இருக்கும். அனைவருக்கும் அது ஒன்றுதான், வாய் வைத்தே குடிக்கலாம். மனமில்லாதவர்கள் தாகத்தோடு போகலாம். யார் கையிலும் ஊற்ற மாட்டோம்.