டாக்டரின் நெற்றிக்குள் போன வெளிச்சம்

1. டெமோ அன்று

எங்கள் கருவி முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்ன நோயாளி, நோயே இல்லாத ஒரு டாக்டர்.

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் டெமோ வைத்திருந்தோம். தலையில் அடிபட்டு வருகிறவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை, சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்பே, படுக்கையில் வைத்தே சொல்ல வேண்டும். அதற்கான கருவியைத்தான் திண்டிவனத்தில் எங்கள் சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. கைக்கு அடக்கமான ஒரு ப்ரோப். அதை நெற்றியில் வைத்தால் நியர் இன்ஃப்ராரெட் வெளிச்சம் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் தோலையும் எலும்பையும் தாண்டிப் போய், அங்கே இங்கே முட்டி, கொஞ்சம் திரும்பி வரும். பக்கத்தில் இருக்கும் டிடெக்டர் அதைப் பிடிக்கும். ரத்தம் இந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பதால், ரத்தம் தேங்கிய பக்கத்திலிருந்து குறைவாகத்தான் திரும்பும். இடதையும் வலதையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். கம்பெனியில் என் வேலை சிமுலேஷன். வெளிச்சம் தலைக்குள் எப்படிப் போகும், எவ்வளவு திரும்பும் என்பதை சாஃப்ட்வேரில் கணக்குப் போட்டுச் சொல்வேன். அதை வைத்து ப்ரோபை உருவாக்கியவர் ரஹீம் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாடுகளில் பல வருஷம் மருத்துவக் கருவிகள் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் முதலாளி இளங்கோ சார். எதையும் ஜல்தியாக முடிக்க வேண்டும் அவருக்கு.

விபத்துப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். இளங்கோ சார் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ப்ரோபைக் கையில் வாங்கி, தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். இடது, வலது, மறுபடி இடது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இடது பக்கம் ரத்தக்கசிவு.

ரஹீம் பாய் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். மறுபடியும் இடது பக்கம்.

"தலைவலிக்குன்னு போன மாசம்தான் சி.டி. எடுத்தேன். என் தலையில ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "இல்லாத எனக்கு இருக்குன்னு சொல்லுது. நாளைக்கு இருக்கறவருக்கு இல்லன்னு சொன்னா, நான் அவரை வீட்டுக்கு அனுப்பிடுவேனே."

இளங்கோ சார் சென்சார் கோளாறாக இருக்கும் என்று ஏதோ ஆரம்பித்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் அப்படிக் காட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் என் பேஷன்ட் மேல இதை வைக்க விடமாட்டேன்."

எல்லோரும் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் டாக்டரம்மாவின் அருகில் போய், "அந்த சி.டி. காப்பி எனக்குக் கெடைக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். எதற்கு என்றார். "உங்க தலைய கம்ப்யூட்டர்ல செஞ்சு, அதுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பாக்கணும்" என்றேன். அன்று முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"என் தலைதானே. எடுத்துட்டுப் போங்க."

2. த்ரெஷோல்ட்

மறுநாள் திண்டிவனம் ஆபீசில் ரஹீம் பாய் ப்ரோபை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டிருந்தார். எல்.இ.டி.யை மாற்றினார், டிடெக்டரை மாற்றினார். எங்கள் எல்லோர் தலையிலும் வைத்துப் பார்த்தார். எதிலும் கோளாறு இல்லை.

"இது இன்னா பேஜாரா கீது மேடம்" என்றார். "மெஷின் நல்லா ஓடிக்கினுதான் கீது. அந்தம்மா தலைக்கு மட்டும் ஏன் இப்டி?"

இளங்கோ சார் வேறு வழி யோசித்து வைத்திருந்தார். இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் ரத்தம் என்று கருவி சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தோம். அதுதான் த்ரெஷோல்ட்.

"அத்த கொஞ்சம் ஏத்தி வுட்டுடும்மா. டாக்டரம்மாவுக்குக் காட்டாது. நாம போய் டெமோ குடுத்துட்டு வந்துடலாம். இந்த எடம் கை நழுவிச்சின்னா வேற எவனும் உள்ள வுட மாட்டான்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. சிமுலேஷனைத் திறந்தேன். தலைக்குள் ஒரு சின்ன ரத்தக்கட்டை வைத்து ஓட்டினேன். அவர் சொன்ன அளவுக்கு த்ரெஷோல்டை ஏற்றினேன். ரத்தம் இல்லை என்று திரையில் பச்சை வந்தது. கட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அப்போதும் பச்சை. இளங்கோ சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த சைஸ் கட்டி ஆளைக் கொல்லுமா?"

"வளந்தா கொல்லும் சார்."

"அப்ப ஏத்த வாணாம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

3. காற்று

சி.டி. என்பது ஒரு படம் இல்லை, படங்களின் அடுக்கு. ஒவ்வொரு படத்திலும் இது தோல், இது எலும்பு, இது மூளையைச் சுற்றியிருக்கும் நீர், இது மூளை என்று பிரித்துக் குறித்துக்கொண்டே போக வேண்டும். சாஃப்ட்வேர் பாதியைத் தானே பிரிக்கும். மீதியை மவுஸ் பிடித்து நாம்தான் வரைய வேண்டும். அதுவரை நாங்கள் பயன்படுத்தியது சாஃப்ட்வேரோடு வந்த பொதுவான தலை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். இந்தத் துறையில் பலரும் அதில்தான் ஆரம்பிப்பார்கள்.

டாக்டரம்மாவின் தலையைக் கீழிருந்து மேலாகக் குறித்துக்கொண்டே வந்தேன். புருவத்துக்கு மேலே வந்தபோது கை நின்றது. வலது பக்கம் நெற்றி எலும்புக்குள் ஒரு பெரிய கறுப்பு இடம். காற்று. சைனஸ் அறை. எல்லோருக்கும் நெற்றியில் இருப்பதுதான். ஆனால் அவருக்கு வலது பக்கம் பெரிய அறையாக இருந்தது, இடது பக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

எழுந்து நின்றுவிட்டேன். "பாய், இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

அங்கேயே கொண்டாடியிருந்தால் அசடு வழிந்திருப்போம். அந்தக் காற்றறையைச் சேர்த்து சிமுலேஷன் ஓட்டினால் விடை தலைகீழாக வந்தது. வலது பக்கம்தான் ரத்தம் என்றது. கருவி சொன்னதோ இடது. ரஹீம் பாய் தன் மேசைக்குப் போனார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று, மயிலம் போகிறவர்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. நாங்கள் ஓட்டிய சாஃப்ட்வேர் வேகமானது. வெளிச்சம் எங்கே போனாலும் நூறு இடத்தில் முட்டி, திசை மாறி, மெல்ல ஊறிப் பரவும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். தோலிலும் எலும்பிலும் அது சரி. காற்றில் முட்டுவதற்கு என்ன இருக்கிறது? அங்கே வெளிச்சம் ஊறாது, நேராகப் பாயும். அந்தக் கணக்குக்கே அங்கே இடமில்லை.

வேறு முறை ஒன்று உண்டு. அதன் பெயர் மான்டே கார்லோ. ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது வெளிச்சத்தின் ஒவ்வொரு துளியாக, உள்ளே அனுப்ப வேண்டும். எவ்வளவு தூரம் போகும், எங்கே முட்டும், எந்தப் பக்கம் திரும்பும் என்று அடிக்கு அடி தாயம் உருட்டுவதுபோல முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துபோகும். கோடிக்கணக்கில் அனுப்பினால்தான் நம்பும்படி ஒரு விடை கிடைக்கும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் அதற்குத் தாங்காது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

"கேம் ஆடுற கார்டு ஆபீசுக்கு எதுக்கும்மா?" என்று இளங்கோ சார் கேட்டார். விளக்கிச் சொன்னதும் அவரே என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் எந்த கேமுக்கு என்று கேட்டார்.

"தலைக்குள்ள போயி வெளிய வர்ற கேமு" என்றார் இளங்கோ சார். கடைக்காரர் அப்படி ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டார்.

கார்டைப் பொருத்தி, டாக்டரம்மாவின் தலையை ஏற்றி, ஃபோட்டான்களை அவிழ்த்துவிட்டேன். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் ஓடி முடிந்துவிட்டது. திரையில் வெளிச்சம் போன பாதை நிறம் நிறமாக வந்தது. இடது பக்கம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வாழைப்பழ வடிவில் அழகாக வளைந்து, மூளையின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வலது பக்கம் அந்த வாழைப்பழத்தையே காணோம். வெளிச்சம் காற்றறைக்குள் புகுந்து, அதன் வழியாகவே வழுக்கிக்கொண்டு போய், மூளையைப் பார்க்காமலே டிடெக்டரில் ஏறிக்கொண்டிருந்தது. வலது பக்கம் வெளிச்சம் அதிகம். அதனால் இடது மங்கலாகத் தெரிந்தது. அதைத்தான் கருவி ரத்தம் என்று நினைத்திருக்கிறது.

டெமோவில் வந்த ரீடிங்கைப் பக்கத்தில் போட்டோம். சிமுலேஷனின் எண் அதை ஒட்டிக்கொண்டு நின்றது.

ரஹீம் பாய் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "என் மெஷின் பொய் சொல்லல மேடம்" என்றார். "அது பாத்தத சொல்லிச்சு." ஒரு மனுஷியின் நெற்றிக்குள் வெளிச்சம் எந்த வழியாகப் போனது என்பதை அந்த அறையில் நானும் பாயும் இளங்கோ சாரும் பார்த்துவிட்டோம்.

4. மறுபடியும் விழுப்புரம்

காரணம் தெரிந்தால் பாதி வேலைதான். ஆராய்ச்சிக்கென்று பொதுவில் கிடைக்கும் ஸ்கேன்களை எடுத்து, விதவிதமான தலைகள் செய்தேன். பெரிய அறை, சின்ன அறை, ஒற்றைப் பக்க அறை. ப்ரோபை நெற்றியின் எந்த இடத்தில் வைத்தால் காற்று குறுக்கே வராது என்று ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்தேன். புருவத்தை விட்டு மேலே, முடி ஆரம்பிக்கும் இடத்துக்குக் கீழே, காதோரப் பொட்டுப் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும் என்று வந்தது. தோல் செய்யும் வித்தியாசத்தைக் கழிக்க, தோலை மட்டும் பார்க்கும் இன்னொரு டிடெக்டரையும் எல்.இ.டி.க்குக் கிட்டத்தில் சேர்த்தால் நல்லது என்று வந்தது. ரஹீம் பாய் ப்ரோபைப் புதிதாகச் செய்தார்.

டாக்டரம்மா தன் தலைக்குள் வெளிச்சம் போன படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு புது ப்ரோபை வாங்கி, நாங்கள் காட்டிய இடத்தில் வைத்துக்கொண்டார். பச்சை.

"இப்ப பேஷன்ட்கிட்ட வைக்கலாம்" என்றார். "ஆனா சி.டி. பாக்கறதுக்கு முன்னாடியே உங்க விடைய எழுதிக் குடுத்துடணும். பின்னாடி மாத்தக் கூடாது. சிகிச்சை சி.டி.ய வச்சுதான்."

மருத்துவமனையின் அனுமதிக் கமிட்டி சம்மதம் தந்து, ட்ரையல் ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் வந்தார். புதுச்சேரியில் வேலை முடித்துத் திரும்பும் வழியில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். நடந்துதான் வந்தார். தெளிவாகப் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. லேசா தலவலி. ஊட்டுக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி, "கொஞ்ச நேரம் சும்மா படுய்யா, பாத்துக்கினு போலாம்" என்று கையைப் பிடித்து அழுத்தினார்.

டாக்டரம்மா ஏற்கெனவே சி.டி.க்கு எழுதிவிட்டார். அழைப்பு வருவதற்குள், அவர்கள் சம்மதம் வாங்கிக்கொண்டு, நான் ப்ரோபை வைத்தேன். இடது சரி. வலது பொட்டுக்கு மேலே சிவப்பு. மூன்று தடவையும் சிவப்பு. விடையை எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்றேன். அந்தச் சிவப்பு பொய்யாக இருக்கட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஸ்கேன் அறையிலிருந்து வேகமாக வந்தார். என்னைக் கடந்து போகும்போது, "வலது. நீங்க சொன்ன எடம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யப் போய்விட்டார்.

அந்த மனிதர் பிழைத்தார். தலையில் தையலோடு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதை நானே போய்ப் பார்த்தேன். "நீங்க வச்ச லைட்டு வெளிச்சமே வர்லியே, எப்டிங்க தெரிஞ்சிது?" என்று கேட்டார். சொன்னேன். பாதி புரிந்திருக்கும். அவர் மனைவி என் கையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை திணித்தார்.

5. கற்றுக்கொண்டது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீங்கள் என்ன தலையைக் கொடுத்தீர்களோ அந்தத் தலைக்குத்தான் சாஃப்ட்வேர் விடை சொல்லும். படுக்கையில் இருக்கிறவரின் தலை வேறு. எந்தக் கணக்கும் எதையோ வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். அது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரீடிங்கும் சிமுலேஷனும் சேரவில்லை என்றால் எண்ணை இழுத்துச் சேர்த்து வைக்காதீர்கள். நமக்குத் தெரியாத ஒன்று அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்போது எங்கள் ஆபீசில் சிமுலேஷனுக்கு மட்டும் தனி அறை இருக்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் முகம் வாடிப்போய் என் கதவருகே வந்து நின்றாள்.

"மேடம், எத்தினி வாட்டி ஓட்னாலும் ரீடிங்கோட மேட்ச் ஆவ மாட்டேங்குது."

செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு ஓடினேன்.