ஏறும் என்று அவர் சொன்ன காசுகள்

என் கணவர் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். தினமும் மைசூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவார். கண்டக்டர் தரும் சில்லறையை அப்படியே பையில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். அச்சடிக்கும்போதே பிழையாகிவிட்ட காசுகளைச் சேர்ப்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து பாதி வெறுமையாகக் கிடக்கும் ஒரு ரூபாய், இரண்டு பக்கமும் சிங்கமே விழுந்த ஐம்பது பைசா, நடுவட்டம் கோணலாக உட்கார்ந்த பத்து ரூபாய் என்று ஒரு தகரப்பெட்டி நிறைய வைத்திருந்தார்.

"இது வெல ஏறும் புள்ள" என்பார். "இது ஏறாது. இதே மாதிரி ஏகப்பட்டது வெளிய வந்திருக்கும்."

நான் நகை வாங்கலாம் என்பேன். "எல்லாம் பாப்பாவுக்குத்தான். பத்து வருசம் போகட்டும், பாரு" என்பார். அந்தப் பத்து வருடம் எப்போதும் பத்து வருடமாகவே இருந்தது. அதற்குள் மகள் படித்து, பெங்களூரில் வேலைக்கும் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய காசுக் கடையில் போய் உட்காருவார். கடைக்காரர் உருதுக்காரர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். சந்தேகமான காசு வந்தால் இவரிடம்தான் நீட்டுவார். ஓரம் வெட்டுப்பட்ட காசை எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் இவர் பலமுறை காட்டியிருக்கிறார். காசாக அச்சடிக்கும் முன் உலோக வில்லையை வெட்டும்போதே இயந்திரத்தில் ஓரம் போயிருந்தால், நேர் எதிரே இருக்கும் விளிம்பும் மங்கியிருக்கும். வெளியே யாராவது அரத்தால் ராவியிருந்தால் எதிர் விளிம்பு தெளிவாக இருக்கும். அது போலி.

இவர் ஓய்வு பெற்றபின் ஒரு ஞாயிறு, துணி எடுக்க நானும் கூடப் போயிருந்தேன். ஒருவர் ஓரம் வெட்டுப்பட்ட ஐந்து ரூபாய் கொண்டுவந்தார். இவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல காசு. தாராளமா வாங்கலாம்" என்றார்.

நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எதிர் விளிம்பு புத்தம்புதிதாக, கூர்மையாக இருந்தது.

கடைக்காரர் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆய்த்து சார், அடுத்த வாரா பார்க்கலாம்" என்று கொண்டுவந்தவரிடமே காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "தப்பாச் சொல்லிட்டன்ல? அவன் மூஞ்சியப் பார்த்தியா? என்னைப் பார்த்துப் பாவப்பட்டான் புள்ள."

பிறகு அவர் கடைப்பக்கம் போகவில்லை. டாக்டரிடம் போனோம். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், மாத்திரை வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றார். இவர் தலையாட்டிக்கொண்டார். அந்த வாரமே மகளை வரச் சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் என்னன்னு தெரியறப்பவே கடைக்காரர்கிட்டக் குடுத்தரலாம். அப்பறம் நானே நல்ல காசத் தூக்கிக் குடுத்து டீ குடிச்சுட்டு வந்திருவேன்."

"பேடப்பா, விக்க வேணாம்" என்று அழுதாள் மகள். "நான் வெச்சுக்கறேன்ப்பா."

"எது நெசம் எது பொய்னு உனக்குத் தெரியாது சாமி. எவனாவது ஏமாத்திருவான்."

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். இவர் ஒவ்வொரு உறையாக எடுத்து, எங்கே கிடைத்தது, என்ன பிழை என்று சொன்னார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார். ஆனால் ஏறும் என்று அவர் நம்பியவற்றில் பாதி ஏறவில்லை. கோணல் பத்து ரூபாய் இப்போது நிறையப் பேரிடம் இருக்கிறது என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அப்படியா" என்றார் இவர். ஒரு காசை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னன்னு தெரியலைங்க" என்று கீழே வைத்தார். கடைக்காரர் அதை எடுத்து, நல்ல காசுகளோடு சேர்த்து வைத்தார். நியாயமான விலைதான் கொடுத்தார். காலிப் பெட்டியையும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டார் இவர்.

அடுத்த நாள் சாயங்காலம் பீரோவைத் திறந்து, "பெட்டி எங்க?" என்று கேட்டார்.

"வித்துட்டமுங்க."

"யாரக் கேட்டு வித்த?"

"நீங்கதானுங்க சொன்னீங்க."

"நானா?" கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் சாயங்காலமானால் அதே கேள்விதான். சொல்லும்போதெல்லாம் அவருக்கு அது புதுச்செய்தி. சில நாள் கோபப்பட்டார், சில நாள் கண் கலங்கினார். என்னால் தாங்க முடியாமல், "பாப்பா எடுத்துட்டுப் போயிருக்கறா" என்று சொல்ல ஆரம்பித்தேன். "பத்திரமா வெச்சுக்கச் சொல்லு. ஏறும்" என்பார். அது அவரைச் சமாதானப்படுத்தியது. எனக்குத்தான் சோறு இறங்காது.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவர் பெட்டியைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்குப் பயந்து, அடுப்படியில் வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்த நாட்கள் உண்டு. இப்போது சாயங்காலமானால் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். இன்றைக்காவது கேட்கமாட்டாரா என்று இருக்கிறது. அவர் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.