பழகாத வீடு

“…புதுசா வந்தவங்கள இப்படியா ஒரேயடியாத் தொரத்துறது? மூஞ்சி பழகவாச்சும் நாள் வேண்டாமுங்களா?”

மண்ணரையில், எங்கள் பனியன் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில் இப்படிப் பொங்கியவர், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா. கழுத்துக் கயிற்றில் நூல் வெட்டும் ட்ரிம்மர் தொங்கும், முடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் பரிந்து பேசியது ஒரு டிவி சீரியல் குடும்பத்துக்காக. பார்க்க ஆளில்லை என்று அந்த சீரியலைப் பாதியிலேயே முடித்துவிட்டார்கள்.

“ஏனுங்கக்கா, அந்த மாமியார் செத்தப்பக்கூட எங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே!” என்று ஒருத்தி சிரித்தாள்.

“பழகாத ஊட்டு எழவுக்கு யாருக்கு அழுக வரும்? மொதல்ல பழகோணும்.”

அந்தச் சொல் எனக்குள் நேரே இறங்கியது. நாங்கள் தென்காசிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்த புதுசு. என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, சேர்ந்து சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். சனிக்கிழமையோடு ஊருக்கே திரும்பிவிடுவது என்று வீட்டில் பேசி முடித்தும் விட்டோம். இன்றைக்கும் இந்த ஊரில் எங்கள் அடுப்பு எரிகிறதென்றால், அது அந்த அக்காவால்தான்.

நான் கையில் சோற்றோடு தன்னையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். பேச்சை நிறுத்தினார். தன் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“உங்க ஊட்டுல யார் யாரு இருக்கறாங்க கண்ணு? மொதல்ல இருந்து சொல்லு” என்றபடி, என் டப்பாவிலிருந்த குழம்பைத் தன் சோற்றில் ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார்.