ஒன்பதாவது முகம்

சினிமா கேமராக்களை வாடகைக்கு விடும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு விடாக்கண்டி என்று பெயர். சேர்ந்தது என்னவோ தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான். நாள் முழுக்கப் புகார்களைக் கேட்டுக் கேட்டு, "அப்படி என்னதான் ஆகுது அதுக்கு?" என்று பழுது பார்க்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தவள், அப்புறம் வெளியே வரவேயில்லை. ஒரு கோளாறைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

அந்த முறை ஒரு புதுக் கேமரா அவள் உயிரை வாங்கியது. அதற்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, தயாரித்தவர்கள் புதுப்பித்திருந்தார்கள். அன்றிலிருந்து படப்பிடிப்பின் நடுவில் திரை உறைந்து பதிவு நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும்.

"தனியா ஒருத்தர் பேசுற சீன்ல சமத்தா இருக்குங்க. கூட்டத்தைக் கூட்டி வச்சு எடுக்கும்போதுதான் காலை வாரி விடுது" என்று ஒளிப்பதிவாளர் புலம்பிவிட்டுப் போனார்.

"கூட்டம்னா விளக்கு நிறைய இருக்கும். சூடாகியிருக்கும்மா" என்றார் முதலாளி.

அவள் கேமராவை விளக்குகளின் கீழே வைத்துக் காய்ச்சி எடுத்தாள். கார்டை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள். எதிர்ச்சுவரை மணிக்கணக்கில் சலிக்காமல் படம் பிடித்துக்கொண்டிருந்தது அது. தயாரித்தவர்களுக்கு எழுதினால், "எங்கள் சோதனை அறையில் அப்படி ஆகவில்லையே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமே வெளியே சாப்பிடப் போவதாகப் பேச்சு. 'இதோ வந்துடுறேன்' என்று பழுது பார்க்கும் அறைக்குப் போனவளைக் காணோம். பொறுத்துப் பார்த்த வீட்டார் பட்டாளமாகக் கிளம்பி அங்கேயே வந்துவிட்டார்கள். நாத்தனாரின் பிள்ளைகள் மூன்று பேரும் கேமராவைக் கண்டதும் முன்னால் நின்று அழகு காட்டினார்கள். மகள் போய்ச் சேர்ந்துகொண்டாள். கணவன், கொழுந்தன், நாத்தனார், நாத்தனாரின் வீட்டுக்காரர் எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசை கட்டினார்கள். கேமரா ஓடியது.

"நானும் இருக்கேன்ல?" என்று மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்றார். படக்கென்று திரை உறைந்தது.

கொழுந்தன் குபீரென்று சிரித்தான்.

"ஏம்மா, என் மூஞ்சியப் பார்த்ததும் நின்னு போச்சா?" மாமியார் முகம் சுண்டிவிட்டது.

அவளோ துள்ளிக் குதிக்காத குறை. "அத்தை, அப்படியே நில்லுங்க! எல்லாரும் வெளியே போங்க!"

அணைத்துப் போட்டாள். மாமியார் மட்டும் நின்றார். கேமரா நன்றாக ஓடியது. ஒவ்வொருவராக உள்ளே அழைத்தாள். எட்டுப் பேர் வரை அது முரண்டு பிடிக்கவில்லை. ஒன்பதாவதாகக் கணவன் தலையை நீட்டியதும் உறைந்தது. ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினாலும் அதே கதைதான். கேமரா தானாகவே முகங்களைத் தேடிக் கட்டம் போடும். புது ஃபர்ம்வேருக்கு எட்டு முகத்துக்கு மேல் தாங்கவில்லை. சுவரில் ஏது முகம்?

"அப்போ குத்தம் என் மேல இல்லையே?"

"இல்ல அத்தை. அது உங்க பையனப் பார்த்தும்தான் நிக்குது."

"அது சரி, அவன் மூஞ்சி அப்படி" என்றார் மாமியார், நிம்மதியாக.

"பசிக்குது, ஆராய்ச்சியெல்லாம் சாப்பிட்டுட்டு வச்சுக்கலாம்" என்று கெஞ்சினான் கணவன். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள் அவள். அந்த ஒரே ஒரு தடவை ஏழெட்டு தடவை ஆனது. கடைசியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மாலைச் சிற்றுண்டி நேரம் வந்திருந்தது.

முகம் தேடும் வசதியை அணைத்துவிட்டு, திங்கட்கிழமையே கேமராவைப் படப்பிடிப்புக்கு அனுப்பினாள். குடும்பம் உறைந்து நின்ற காட்சியைப் படம் பிடித்துத் தயாரித்தவர்களுக்கும் அனுப்பினாள். சோதனை அறையில் தாங்கள் இருப்பதே நாலு பேர்தான் என்று ஒப்புக்கொண்ட அவர்கள், சில வாரங்களில் திருத்தி அனுப்பினார்கள்.

அதை ஏற்றிய பின் எடுத்த முதல் கூட்டக் காட்சிக்கு ஆள் குறைந்தது. ஒளிப்பதிவாளர் அவளைத்தான் கூப்பிட்டார். "உங்க வீட்ல ஒரு கூட்டமே இருக்காமே, அனுப்புறீங்களா?"

மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கேமரா கடைசிவரை நிற்கவேயில்லை.