மெலூர் போகும் உயரம்

கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில் மிஸ்லினைப் போல மரமேறுகிறவன் கிடையாது. நிலத்தில் நடக்கும்போதுதான் தடுக்கி விழுவான். பன்னிரண்டு வருடமாக மெலூர் என்ற பெண் ஒராங்குட்டானின் பின்னால் அலைவது அவன் வேலை. அவள் எங்கே, எவ்வளவு உயரத்தில் போகிறாள் என்று மூன்று வருடமாக லேசர் கருவியால் அளந்து நோட்டில் எழுதுகிறான்.

அந்த எண்களைக் கொண்டு, கூட வேலை செய்யும் ஆய்வாளர் டயாங் கணினியில் காட்டை நீளம், அகலம், உயரத்தோடு எழுப்பியிருந்தாள். மெலூருக்குப் பழம் தரும் அத்திமரங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவள் கடக்கக் குறுக்கே ஒரு கயிற்றுப் பாலம் கட்ட அனுமதி கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்று. மறுநாள் கட்ட வேண்டும்.

"மழைக்காலத்துல மெலூர் நாலு மீட்டர் இறங்கிடுறா, அண்ணே. கயித்தையும் தாழவே கட்டிடலாம்."

மிஸ்லின் திரையையே பார்த்தான். நனையப் பிடிக்காதவள் வெள்ளத்தைத் தேடி இறங்குவாளா? சட்டென்று நோட்டின் மழைக்காலப் பக்கங்களைப் புரட்டினான். தவறு அவனுடையது. வாயை மூடிக்கொண்டால் பேர் மிஞ்சும். ஆனால் தன் பாதைக்கு நான்கு மீட்டர் கீழே தொங்கும் கயிற்றில் அவள் கால் வைக்க மாட்டாள்.

"அவ இறங்கல, டயாங். நான்தான் ஏறியிருக்கேன். வெள்ளத்துல படகுல உக்காந்து அளந்தேன். மூணு மழைக்காலமும்."

"தரையிலிருந்துன்னு எழுதியிருக்கீங்களே!"

"காலுக்குக் கீழ இருந்தது படகுதானே!"

"உங்களோட உங்க வீட்டம்மா எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ!"

"அவளும் அதைத்தான் கேக்குறா."

"தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு இப்ப யாரைக் கேக்குறது?"

"எங்க வீட்டுத் தூணை."

அரிசி மூட்டையை எப்போது மேலே ஏற்றுவது என்று பார்க்க, அவன் மனைவி தினமும் வெள்ள மட்டத்தைத் தூணில் கரியால் கோடிட்டுத் தேதி போடுவாள். மூன்று வருடத்துக் கோடுகளையும் டயாங் படமெடுத்தாள். கோழிகள் சந்தேகத்தோடு பார்த்தன.

மாலையில் திருத்திய எண்களை ஏற்றினாள். திரையில் மெலூரின் மழைக்காலக் கோடு மெல்ல எழும்பி, கோடைக்காலக் கோட்டின் மேல் போய்ப் படிந்தது. ஆறு ஏறியது, இறங்கியது, மரங்கள் சாய்ந்தன. மெலூரின் பாதை இருபத்திரண்டு மீட்டரில் அப்படியே இருந்தது. வானத்தில் ஒரு தெரு. இத்தனை வருடமும் அதன் அடியில் நடந்திருக்கிறோம் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கயிறு கட்ட ஏறிய மிஸ்லின், அந்த உயரத்துக் கிளையில் மட்டும் பாசி தேய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தான்.

மெலூர் பாலத்தில் கால் வைக்கப் பதினான்கு மாதமானது. அன்று வெள்ளம். தலைக்கு மேலே, குட்டியை இடுப்பில் ஒட்டவைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கடந்து போனாள். மிஸ்லின் அளந்து எழுதினான்: 'படகிலிருந்து பதினெட்டு. தண்ணீர் நான்கு.'