ஜெபச் சீட்டுக்கு ஆடிட் கிடையாது

1. திங்கட்கிழமை வந்த வீடியோ

திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் இருக்கும். பஞ்சிங் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.டி. என் கேபினுக்கே வந்துவிட்டார். துணி தைத்து ஏற்றுமதி செய்கிற அந்தக் கம்பெனியில் எச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் இரண்டையும் பல வருஷம் பார்த்தவள் நான். வேலை இருந்தால் அவர் என்னைக் கூப்பிட்டு விடுவார். தானாக நடந்து வந்ததே இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏனுங்க மேடம், இதென்னங்க இது? கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினார்.

சிவப்பு மெத்தை போட்ட நீள நீளமான பெஞ்சுகள். வெள்ளை அங்கி, அதன் மேல் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெரியவர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்று மாதம் முன்னால், எங்கள் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலுக்கு வந்த பிஷப். என் கையால் இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

"அட, நம்ம பிஷப்! பிரசங்கம் பண்றாருங்களா?"

"பிரசங்கமா? அது லண்டன் பார்லிமெண்டுங்க மேடம்!"

"சாமியாருக்குப் பார்லிமெண்டுல என்னங்க வேல?"

"நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க. அங்க மேல்சபைல பிஷப்புகளுக்குன்னே சீட்டு இருக்குதாமா. எந்திரிச்சுப் பேசலாமாமா. நம்மகிட்டத் துணி வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து லிங்க் அனுப்பி, 'இது உங்க ஹாஸ்டலா'ன்னு கேட்டிருக்கறாங்க."

பிஷப் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. ஊரையும் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கள் பெண்களோடு நிற்கிற போட்டோவை எங்கள் வெப்சைட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டு வைத்திருந்தவர் எம்.டி.தான். அதைச் சொல்லிக்காட்ட வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

2. நாங்கள் செய்த தப்பு

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் பையர் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால் ஒரு வாரம் முன்பே நான் 'ஆடிட் கிளாஸ்' எடுப்பேன். கேள்வியும் பதிலும் ஒரே தாளில். வேலை எத்தனை மணிக்கு முடியும்? ஐந்தரைக்கு. ஓவர்டைம் விருப்பப்பட்டுத்தான் செய்கிறாயா? ஆமாம். வெளியே போக விடுவார்களா? அவுட் பாஸ் எழுதிக்கொடுத்தால் விடுவார்கள். துணி வெட்டுகிற கட்டிங், தைக்கிற பவர் டேபிள், குறை பார்க்கிற செக்கிங் என்று எந்தப் பெண்ணை எழுப்பிக் கேட்டாலும் பதில் பிசகாது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு. மற்ற கம்பெனிக்காரர்கள் என்னிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

பிஷப் வந்தது ஆடிட்டுக்கு அல்ல. ஹாஸ்டலில் மாதம் ஒரு ஞாயிறு ஜெபம் நடத்த உள்ளூர் பாஸ்டர் வருவார். "லண்டன்ல இருந்து ஒரு பிஷப் நம்ம சபையப் பாக்க வந்திருக்கறாருங்க, கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். எம்.டி.க்கு ஒரே சந்தோஷம். "தாராளமா வரட்டுங்க. போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

அன்று பிஷப், பாஸ்டரைத் தமிழில் சொல்ல வைத்து, சில பெண்களிடம், எப்போது தூங்குவீர்கள், வெளியே போவீர்களா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். கிளாஸில் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடியே வந்தது. நான் ஓரமாக நின்று புளகாங்கிதப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எல்லா ஜெபக் கூட்டத்திலும் நடக்கிறதுதான் நடந்தது. ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, "பேரு, வயசு போட்டு, எதுக்காக ஜெபம் பண்ணணுமோ எழுதிக் குடுங்க" என்றார் பாஸ்டர். கிறிஸ்தவப் பெண்கள் மட்டுமா எழுதினார்கள்? மாரியம்மனுக்கு விரதம் இருக்கிற பெண்களும் வரிசையில் நின்று எழுதினார்கள். எந்தச் சாமி கேட்டால் என்ன, காரியம் நடந்தால் சரி.

ஹாஸ்டலிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு காகிதத்தையும் படித்துப் பார்க்கிறவள் நான். அந்தச் சீட்டுகளை மட்டும் பிரிக்கவில்லை. சாமியிடம் கேட்பதை நாம் படிக்கலாமா என்று தோன்றிவிட்டது. பாஸ்டர் பை நிறைய அள்ளிப்போட்டு எடுத்துப் போனார்.

சாமியிடம் பொய் சொல்ல நான் கிளாஸ் எடுத்திருக்கவில்லை.

3. அவர் வாசித்த சீட்டு

வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே வரும். ஆனாலும் அன்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை கேட்டேன்.

வெளிநாட்டில் தைத்து வருகிற துணியை யார் எந்த நிலைமையில் தைத்தார்கள் என்று வாங்குகிற கம்பெனிகள் பார்த்தே ஆகவேண்டுமா என்பது விவாதம். பிஷப் அதிகம் பேசவில்லை. "நான் பதினோரு பெண்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். பதினோரு பேரும் ஒரு வார்த்தை மாறாமல் ஒரே பதிலைச் சொன்னார்கள். அப்புறம் எதற்காக ஜெபிக்கட்டும் என்று கேட்டேன். பதினோரு விதமாக எழுதினார்கள்" என்றார். பிறகு அங்கிக்குள்ளிருந்து, ஒரு சீட்டை இங்கிலீஷில் மாற்றி எழுதிய காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"எங்க அம்மா வந்து கையெழுத்துப் போட்டால்தான் என்னை வீட்டுக்கு விடுவார்கள். அம்மா கை கால் விழுந்து படுத்திருக்கிறாள். அம்மாவைப் பார்க்கப் போக, அம்மா நடக்க வேண்டும். அம்மா நடக்க ஜெபியுங்கள்."

காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பது" என்றார் பிஷப். "தன் நாட்டுப் பாராளுமன்றத்தையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கேட்டைத் தாண்டிப் போக முடியாது. கதவைத் திறக்கச் சொல்லி இவள் ஜெபிக்கவில்லை, கவனியுங்கள். முடங்கிப்போன தாய் எழுந்து நடக்க வேண்டும் என்று ஜெபிக்கிறாள். அவளுக்கு அதுதான் சுலபமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வாட்ச்மேன் செய்யக்கூடிய வேலையை இவள் கடவுளிடம் கேட்டிருக்கிறாள்."

வீடியோவை நிறுத்தினேன். ஐயோ சாமி, அது வாட்ச்மேன் போட்ட ரூல் இல்லை. நான் போட்டது.

ஒரு தடவை, மாமா என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் ஒரு பெண்ணைக் கூட்டிப் போய்விட்டான். போலீஸ், தேடல் என்று நான்கு நாள் நாய் படாத பாடு. அதன் பிறகுதான் 'கார்டியன் கார்டு' போட்டேன். கார்டில் போட்டோ ஒட்டியிருக்கிற அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பெண் வெளியே போகலாம். நல்லதென்று நினைத்துத்தான் எழுதினேன். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதியதோடு சரி, திரும்பிப் பார்க்கவே இல்லை.

4. "கண்டுபிடிச்சு ஊருக்கு அனுப்பீருங்க"

"யாரு எழுதுனதுன்னு கண்டுபிடிங்க மேடம்" என்றார் எம்.டி. "வியாழக்கெழம பையரோட ஆடிட் டீம் வருது. அதுக்குள்ளாற அந்தப் புள்ளய வேலைல இருந்து எடுத்து ஊருக்கு அனுப்பீருங்க."

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பேச்சியம்மாள். செக்கிங் செக்‌ஷன். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. கார்டில் அம்மா போட்டோ மட்டும். அம்மாவுக்கு வாதம் வந்த பிறகு சித்திதான் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சித்தி ஒருநாள் பஸ் ஏறி கேட் வரைக்கும் வந்தாள். கார்டில் போட்டோ இல்லையே என்று திருப்பி அனுப்பினேன். போகிறபோது அவள் என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டுவிட்டுப் போனாள்.

எம்.டி. சொன்னது மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டுக்கு விடுங்கள் என்று மாதக்கணக்காகக் கெஞ்சியவளை இப்போது தண்டனை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப் போகிறோம்! அடக் கெரகமே. அம்மாவுக்கு மருந்து, கஞ்சி எல்லாம் இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. வேலை போய்விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"லீவு குடுத்து அனுப்பறேனுங்க. வேலைய விட்டு எடுக்க மாட்டேன்" என்றேன்.

"என்னங்க மேடம், எதுத்துப் பேசறீங்க?"

"எதுத்தெல்லாம் பேசலீங்க. வியாழக்கெழம கேப்பாங்க. கார்டு ரூலு எழுதுனது நான்தான், தப்புன்னு சொல்லீருவேன். அந்தப் புள்ளய எடுத்துட்டீங்கன்னா, ஏன் எடுத்தீங்கன்னும் கேப்பாங்க. அதுக்கும் நெசத்தத்தான் சொல்லுவனுங்க."

அவர் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். கடைசியில், "பத்து நாளு. அதுக்கு மேல இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போனார்.

5. செக்கிங் டேபிளில்

பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நா தப்பா ஒண்ணும் எழுதலியே மேடம். கம்பெனியப் பத்தி ஒரு வார்த்த குத்தமா எழுதல. எங்க அம்ம நடக்கணும்னுதான் எழுதுனேன்."

"தப்பில்ல கண்ணு. அந்த பிஷப் அத லண்டன் பார்லிமெண்டுல படிச்சிட்டாரு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ்வளவு பெரிய எடத்துலயா? அவங்க எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணுனாங்களா மேடம்?"

"உன்னைய ஊட்டுக்கு அனுப்பறேன், துணி எடுத்து வெய்யி" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே, எஜமானி தோரணையில், "ஏம் புள்ள, இவ்வளவு கஷ்டத்த எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "ஒங்ககிட்ட மூணு மட்டம் கேட்டேம்லா மேடம். அதுக்கப்புறம்தான் சாமிகிட்ட கேட்டேன்."

மூன்று தடவை. எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம் இருந்தது.

6. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம்

மறுநாள் விடிந்ததும் கம்பெனி காரில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரையாவது அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

ஓட்டு வீடு. வாசலில் சித்தி. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அம்மா. பேச்சியம்மாள் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து கதறினாள். அந்த அம்மா அசைகிற ஒரு கையால் மகளின் தலையை, காதை, தோளை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய கம்பெனி ஐ.டி. கார்டையும் பார்த்தாள். பார்த்ததும் பதறிப்போய், மகளை விலக்கிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வார்த்தை குழறியது. சித்திதான் எனக்கு விளங்கச் சொன்னாள்.

"நீங்க இம்புட்டுத் தூரம் வந்துட்டியளாம். கையெழுத்து எங்க போடணும்னு கேக்கா."

வியாழக்கிழமை ஆடிட் டீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டியன் கார்டைக் கிழித்துப் போட்டோம். பதினெட்டு முடிந்த பெண் தன் கையெழுத்தில் தானே வெளியே போகலாம் என்று ஆனது. பேச்சியம்மாள் பத்தாம் நாள் அவளாகவே திரும்பி வந்து செக்கிங் டேபிளில் நின்றாள். எம்.டி. என்னோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

எச்.ஆர். வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ரூல் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஹாஸ்டல் நிறையப் பெண்கள் இருந்தால் ரூல் இல்லாமல் ஆகாது. ஆனால் எழுதி முடித்ததும், இதைச் செய்யவே முடியாதவர் யார் என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. கடல் தாண்டி ஒரு பிஷப் அவர் ஊர்ப் பார்லிமெண்டில் எழுந்து நின்று பேசவேண்டி வந்தது. அந்தப் பெண்ணுக்கு என் மேஜை இருபதடி தூரத்தில்தான் இருந்தது.