மீனுக்குப் போட்ட சோறு

ராயப்பன்பட்டி இருதயம் என்பவரின் மகன் பங்கிராஸ் மதுரைக்குப் போய்க் கல்லூரியில் சேர்ந்த அன்றே ஊர் அவனை டாக்டராக்கிவிட்டது. அவனுக்கோ விஞ்ஞானம் என்றாலே வேம்பாய்க் கசந்தது. வாய்க்காலில் எத்தனையோ தவளை பிடித்தவன், கல்லூரியில் ஒரு தவளையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கரும்பலகையில் வரைந்த தவளையைப் பார்த்து வரைவதும், அதன் குடலை மனப்பாடம் செய்வதும்தான் படிப்பு. மனப்பாடம் அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

முப்பத்தாறாம் வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன், இனி மதுரைப் பக்கமே போவதில்லை என்று முடிவுகட்டியிருந்தான். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையை மாமா சுந்தர்ராஜ் பேசி வைத்திருந்தார்.

புதிதாக வந்த ஆசிரியர் ஞானசிகாமணி மட்டும் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். அவரவர் ஊரில் ஏதாவது ஒன்றைக் கையால் செய்து பார்த்து வந்து சொல்ல வேண்டும். அதைக்கூடச் செய்யாமல் ஓடினால் கேவலம் என்று பங்கிராஸ் இருப்பதிலேயே சுலபமானதை எடுத்துக்கொண்டான். வருஷம் தவறாமல் கொசுவால் குளிர்காய்ச்சல் வரும் பள்ளத்தாக்கு அது. கிணற்றில் மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்து பார்த்து ஒரு கடிதாசி போட்டுவிட்டால் தீர்ந்தது.

வாயகன்ற பானை ஒன்றில் கெண்டைக்குஞ்சுகளை விட்டு, புழுக்களையும் அள்ளிப் போட்டான். மறுநாள் புழுக்கள் சௌக்கியமாக நெளிந்துகொண்டிருந்தன. மீனை மாற்றினான். அப்போதும் அதே கதை. பானையருகில் உட்கார்ந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பச்சப்புள்ளைக்குத் தெரிஞ்சதுகூட எங்கையில வரமாட்டேங்குதுத்தா. நான் தோட்டத்துக்கே போறேன்" என்றான் அம்மா மதலேனாளிடம். மகன் படிப்பை விடுவது அவளுக்கும் மனசு ஆறவில்லை.

அன்று மத்தியானம் வாய்க்காலிலிருந்து திரும்பியவன் வாசலிலேயே நின்றான். மதலேனாள் பானைமுன் குந்தி, சோற்றைப் பிசைந்து மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா பண்றே?"

"நீ பாட்டுக்குப் புடிச்சுப் போட்டுட்டுப் போயிர்றே. வாயில்லாச் சீவன் நம்ம வீட்டுக்கு வந்து பட்டினி கெடக்கலாமா? நாந்தேன் தெனமும் ரெண்டு வாய் போடுறேன்."

கத்த வாயெடுத்தவன் பானையை எட்டிப் பார்த்தான். சோறு தின்ற மீன் புழுவை ஏன் தேடும்?

இன்னொரு பானை கொண்டுவந்து அதிலும் மீனும் புழுவும் விட்டான். "இது உன் மீனு. என்ன வேணும்னாலும் போடு. இங்கன இருக்கிறதத் தொடாத" என்றான். மறுநாள் பட்டினிப் பானையில் புழுவே இல்லை. சோற்றுப் பானையில் புழுக்கள் கூத்தாடிக்கொண்டிருந்தன. மீன்களைப் பானை மாற்றி விட்டுப் பார்த்தான். அப்படியும் அதேதான்.

அப்புறம் அவன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மீனுக்கு யாரும் சோறு போடாத வயல் கிணறுகளை எட்டிப் பார்த்தான். எல்லாம் சுத்தம். தெருக்கிணற்றுக்கு ஓடினான். பெண்கள் புண்ணியம் என்று மீனுக்குச் சோறு இறைக்கும் கிணறு அது. மீனும் இருந்தது, புழுவும் இருந்தது. இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, அவன் மனப்பாடமும் செய்யவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சை அழுத்திய பாரம் அந்தக் கிணற்றடியில் இறங்கியது. நான் மக்கு இல்லை என்று அவன் வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

பின்னாளில் அவனும் கல்லூரி ஆசிரியரானான். முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கமாட்டான். பையன்கள் கையில் இரண்டு பானையைக் கொடுத்து, மீன் பிடித்து வரச்சொல்லி விரட்டுவான். அதெல்லாம் பிற்பாடு.

லீவு முடிந்த காலையில் மாமா வந்து நின்றார். "குமுளி வண்டிக்கு நேரமாச்சு. கெளம்புலே."

"மதுரைக்குல்ல கெளம்புறேன் மாமா. வாத்தியாருட்டச் சொல்லணும். அவுகளுக்கே இது தெரியாது."

மாமா முணுமுணுத்துக்கொண்டே போனார். மதலேனாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகன் படிப்பை விட்டுவிடுவானோ என்ற கவலையில் இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே போய், கட்டுச்சோற்றை எடுத்துவந்து மகன் கையில் திணித்தாள்.

"மீனத்தேன் பட்டினி போட்டுட்டே. நீயாவது வழியில தின்னுட்டுப் போய்யா."